டாக்டரக்காவின் தேய்ந்த துப்பாக்கிகள்

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் டாக்டரக்காவின் கண் முதலில் போவது அது தேய்ந்திருக்கும் இடத்துக்குத்தான். என் காரில் முதல்நாள் ஏறியபோதே அப்படித்தான். நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்குள் ஸ்டீயரிங்கைக் கூர்ந்து பார்த்துவிட்டு, இதை முன்னால் ஓட்டியவர் மோதிரம் போட்டவர், இடது கையை மேலேயே வைத்து ஓட்டுகிறவர் என்றார். அந்தக் காரை நான் ஒரு பிலிப்பினோ பாட்டியிடம் வாங்கியிருந்தேன். பாட்டி சாவியைக் கொடுக்கும்போது கையில் கல் மோதிரம் இருந்தது நினைவு வந்தது.

தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு இருக்கும். ஃப்ரீமான்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மயக்க மருந்து டாக்டர், நான் ரத்தம் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். அங்கே தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான். அவர் யாழ்ப்பாணம், நான் நாகர்கோவில். அவர் வீடு பிளசன்டனில், நாங்கள் டப்ளினில் அபார்ட்மென்டில் இருந்தோம். ஃப்ரீவேயில் ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது என்பதால் காலையில் நான் அவரை ஏற்றிக்கொள்வேன். டாக்டர் என்பதா, அக்கா என்பதா என்று குழம்பி, கடைசியில் டாக்டரக்கா என்று ஆனது. அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கணவர் இல்லை, குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். அதிகம் பேசமாட்டார், பேசினால் பாதியில் நிறுத்தமாட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் என்னையும் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். புட்டும் ஆட்டிறைச்சியும். நாங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம் போல. சாப்பாட்டு மேசையில் ஆஸ்பத்திரி வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் ஒரு கைத்துப்பாக்கி. என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பயப்படாதேங்கோ. குண்டில்லை. இந்த வீட்டில குண்டெண்டு ஒண்டுமே இல்லை" என்றார். பருத்திக் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து மனைவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அன்றைக்குத்தான் அவர் சேகரிப்பைப் பார்த்தேன். படுக்கையறையில் ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் இரண்டாம் உலக யுத்தத்துக் கைத்துப்பாக்கிகள், எல்லாம் தேய்ந்தவை. அபூர்வமானது என்று பெரிய விலை சொல்லும் ரகங்கள்கூட அவரிடம் இருந்தன. ஆனால் புதிதுபோல் மின்னுவது ஒன்றும் இல்லை. துப்பாக்கி இரும்புக்கு ஒரு கருநீலப் பூச்சு உண்டு. தோல் உறைக்குள் போய்ப்போய் வந்தால் குழல் நுனியில் அந்த நீலம் போய் வெள்ளி தெரியும். பிடியில் கை படுகிற இடத்தில் வரிகள் மழுங்கிப்போகும். அந்த வெளுப்பையும் மழுங்கலையும்தான் அவர் காசு கொடுத்து வாங்கினார். பூச்சு அழியாத துப்பாக்கியை யாராவது காட்டினால், பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஒரு ஜப்பான் துப்பாக்கி இருந்தது. யுத்தம் தோற்கப்போகிற கடைசி மாதங்களில் செய்தது. அரம் ஓடிய கீறல்களை மழமழப்பாக்கக்கூட யாருக்கும் பொழுதில்லை. இன்னொன்று ஓர் அமெரிக்கச் சிப்பாயுடையது. பிடியின் மரத்தைக் கழற்றிவிட்டு, உடைந்த விமானத்தின் கண்ணாடித் துண்டை அறுத்துப் பொருத்தி, அதற்கடியில் காதலியின் போட்டோவை வைத்திருந்தான். ஐம்பது வருட வெளிச்சத்தில் முகம் மங்கிப்போய் கூந்தல் மட்டும் மிச்சமிருந்தது. அதை எடுக்கும்போது மட்டும் டாக்டரக்கா கண்ணாடியைத் தொடாமல் பக்கவாட்டில் பிடிப்பார்.

ஞாயிறு தவறாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பார். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, இரவோடு இரவாக இரும்பைத் தின்றுவிடும் என்று கையுறை. தோல் உறைக்குள் வைத்தால் தோலைப் பதப்படுத்திய மருந்தே துருவைக் கிளப்பும் என்று உறைகள் தனி அலமாரியில். மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஆஸ்பத்திரியில் எல்லோரும் இவருக்காக எடுத்துவைப்பார்கள். சிவப்புத் துரு தெரிந்தால் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டுவார். செம்பு இரும்பைக் கீறாது. பழுப்பாகி அடங்கிப்போன பழைய துருவைத் தொடவே மாட்டார். அது வளராது, இருந்தபடி இருக்கட்டும் என்பார்.

இருந்தபடி இருக்கட்டும். அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம் அதுதான். அவர் வீட்டு மேசையில் யாரோ சூடான பாத்திரம் வைத்த வட்டம் இருந்தது. பெயின்ட் அடிக்க வந்த ஆள் சும்மாவே தேய்த்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். தன் வலது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பை மறைக்க ஒருநாளும் அவர் பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை.

ஃபேர்கிரவுண்ட் மைதானத்தில் துப்பாக்கிகள் விற்கும் கன் ஷோவுக்கு இரண்டு மூன்று தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே காட்டன் சேலையும் ஸ்வெட்டரும் போட்ட ஒரே ஆள். எல்லா வியாபாரிகளுக்கும் அவரைத் தெரியும். அவர்களில் ஒரு கிழவர், நல்ல மனுஷர், இவர் ஒரு துப்பாக்கியின் ஸ்பிரிங் மாற்றக் கொடுத்திருந்ததை அன்பளிப்பாக இருக்கட்டும் என்று பாலிஷ் போட்டு, புது நீலம் ஏற்றி, வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். டாக்டரக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். கிழவரிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அவன் கை எங்கே என்று. கிழவருக்கு விளங்கவில்லை. திரும்பி வருகையில் காரில் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தத் துப்பாக்கியை மறுபடி இரும்புப் பெட்டியில் நான் காணவில்லை.

என் மனைவிக்கு சிசேரியன் ஆனபோது, டூட்டி இல்லாத நாளிலும் வந்து அவள் தலைமாட்டில் முழு நேரமும் உட்கார்ந்திருந்தது டாக்டரக்காதான். நெற்றியில் கை வைத்து, ஊரில் எந்தத் தெரு, வீட்டுக்கு முன்னால் என்ன மரம் என்று கேட்டுக்கொண்டே அவளை மயக்கத்துக்குள் அனுப்பினார். மனைவி அதை மறக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். "அந்தக் கை தொட்டுதான் நான் ஒறங்குனேன். அதே கை அதையும் தொடுதே, எனக்கு என்னமோ போல வருது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் இதைச் சேர்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. மழையில் 680 ஃப்ரீவே முழுக்க நின்றுபோன ஒரு காலையில், அவராகவே சொன்னார்.

அவர் கணவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எண்பதுகளின் நடுவில், இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறோம் என்று பள்ளிப் பையன்களை வகுப்பிலிருந்து கூட்டிப்போனார்கள். வாத்தியார் போய், படிக்கிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். ஒரு கூட்டத்திலும் எழுந்து நின்று அதையே சொன்னார். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சைக்கிளில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் வேலிக் கதவில், படலையடியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் வாசலுக்கு வந்து, வாத்தியார் சேர் வீட்டில் நிற்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். டாக்டரக்கா அவருக்குப் பின்னால் கை துடைக்கத் துவாயோடு நின்றார்.

"நான் முகத்தைப் பாக்கேல்லைத் தம்பி. அவன்ர கையில இருந்ததைத்தான் பாத்தனான். பழைய இங்கிலீஷ் ரிவோல்வர். நுனியில நீலம் போயிட்டுது. பிடியில கறுப்பு டேப் சுத்திக் கிடந்தது. பிறகு எல்லாரும் கேட்டவை, ஆர் ஆர் எண்டு. எனக்கு அந்த வெளுத்த நுனியைத்தான் சொல்லத் தெரிஞ்சுது."

சுட்டவன் டாக்டரக்காவைத் தள்ளிவிட்டு ஓடியபோது அவர் கதவு நிலையில் மோதியதுதான் அந்தப் புருவத் தழும்பு. அமெரிக்கா வந்து சில வருடம் கழித்து, கூட வேலை செய்த ஒரு நர்ஸின் கணவரோடு கன் ஷோவுக்குப் போனபோது அதே ரக ரிவால்வரை ஒரு மேசையில் கண்டார். நுனி வெளுத்திருந்தது. அதே துப்பாக்கி இல்லை என்று தெரியும். ஆனாலும் மேசையை விட்டு நகர முடியவில்லையாம். அதுதான் அவர் முதலில் வாங்கியது. அதற்கப்புறம் தேய்ந்ததைக் கண்டால் விட்டுவிட்டு வர மனசில்லாமல் ஆகிவிட்டது. யார் கை தேய்த்தது, என்னத்துக்குத் தேய்த்தது, எதுவும் தெரியாது. தேய்ந்தது மட்டும் பொய்யில்லை என்றார். அப்போது முன்னால் நின்ற கார்கள் நகர ஆரம்பித்தன.

தொண்ணூற்று ஏழில் அவருடைய தங்கை மகன் வந்து சேர்ந்தான். இருபத்தி மூன்று வயது. கொழும்பில் ராணுவம் பிடித்து வைத்து வெளியே விட்ட பையன். எப்படியோ பல நாடு சுற்றி வந்து அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்திருந்தான். ஒடிசலாக, தலை குனிந்தே நடப்பான். பெரியம்மா, பெரியம்மா என்று அவருக்குப் பின்னாலேயே திரிவான். அவன் வந்தபின் அந்த வீட்டில் ரேடியோ பாடியது, கறிவேப்பிலைச் செடி வந்தது. டாக்டரக்கா என்னிடம் டிரைவிங் லைசென்ஸ், கம்யூனிட்டி காலேஜ் என்று அவனைப் பற்றியே பேசினார். அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத அவசரம் ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிகள் மேசைக்கு வந்தால் மட்டும் அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவான். ஊரில் பட்டது போதாதா என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அகதி விண்ணப்ப விசாரணைக்குச் சில வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தேன். டாக்டரக்கா ஒரு பெல்ஜியம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த தொழிற்சாலையில் செய்தது. பின்னால் இழுத்து மாட்டியிருந்த மேல்பாகம் திடீரென்று விடுபட்டு, அவர் விரலைக் கவ்விக்கொண்டது. வலியில் கத்திவிட்டார். வெள்ளைக் கையுறை சிவந்தது. நான் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போதே அவன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். ஒரு கையால் எதையோ அழுத்தி, மறு கையால் பின்னுக்கு இழுத்து விரலை எடுத்துவிட்டான்.

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. அவன் கைகள் நிற்கவில்லை. மேல்பாகம் கழன்றது. ஸ்பிரிங் வந்தது, குழல் வந்தது. ஒவ்வொன்றும் துண்டின்மேல் இடமிருந்து வலமாக வரிசையில் விழுந்தது. ஸ்பிரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, நுனி சுவர்ப் பக்கம் பார்க்க மேசையில் வைத்தான். அவன் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. கையை இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டான்.

டாக்டரக்கா கையுறையைக் கழற்றி விரலில் துணியைச் சுற்றினார். அவசரமே இல்லை.

"எவ்வளவு காலம் இருந்தனி?"

"ரெண்டரை வருசம், பெரியம்மா. பள்ளிக்கூடத்தில இருந்து கொண்டு போனவை. ஓடி வந்த இடத்திலதான் ஆமி பிடிச்சது."

இது விண்ணப்பத்தில் இல்லை. படித்துக்கொண்டிருந்த பையன் என்றுதான் அதில் இருந்தது. டாக்டரக்காவும் அப்படித்தான் நம்பியிருந்தார். நான் கிளம்பட்டுமா என்று எழுந்தேன். இருங்கோ தம்பி என்றார், என்னைப் பார்க்காமல்.

"எங்கயாவது ஒரு வீட்டு வாசல்ல போய் நிண்டனியோ?"

டாக்டரக்கா காத்திருந்தார். ஆப்பரேஷன் தியேட்டரில் நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி.

"ஒருக்கா" என்றான்.

"சுட்டது நீயோ?"

"இல்லை, பெரியம்மா. நான் படலையடியில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அது வேறு ஊர், வேறு வீடு, வேறு வருடம். அவருடைய கணவர் செத்தபோது இவனுக்குப் பத்துப் பதினொரு வயதுதான் இருக்கும். எல்லாம் டாக்டரக்காவுக்குத் தெரியும். துணி சுற்றிய கையோடு எழுந்து போய், துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கும் சோறு போட்டார். நாங்கள் சாப்பிட்டோம். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். சாப்பிடு என்று அவரும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

விசாரணையில் சாட்சி அவர்தான். பையனின் முதுகிலும் காலிலும் ராணுவம் சூடு போட்டும் அடித்தும் வைத்த தழும்புகள் இருந்தன. டாக்டராகவும் பெரியம்மாவாகவும் அவர் வந்து சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். அவளுக்கு மற்றது தெரியாது. ஆயுதம் எடுத்த கூட்டத்தில் இருந்தவன் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் அவன் திரும்பி வரமாட்டான்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. மேசை வட்டத்தைக்கூட அழிக்கவிடாத ஆள். நீதிபதி கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்றுதான் நான் பயந்தேன். அப்படிச் சொல்லாவிட்டால் அவர் என்ன ஆவார் என்றும் பயந்தேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ கோர்ட்டுக்கு இரண்டு பேரையும் நான்தான் கூட்டிப் போனேன். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரக்கா வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தார். உள்ளதைச் சொல்வதாகக் கை உயர்த்திச் சொன்னார். தழும்புகளைப் பற்றிக் கேட்டபோது ஒவ்வொன்றாகச் சொன்னார். இது சிகரெட், இது சூடான கம்பி, இது ஆறவிடாமல் திரும்பத் திரும்ப அடித்த இடம். தழும்பின் விளிம்பை வைத்து அது எத்தனை வருடப் பழசு என்று விளக்கினார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அரசாங்க வக்கீல் எழுந்து, இந்த ஆள் எப்போதாவது ஆயுதக் குழு எதிலாவது இருந்திருக்கிறாரா, உங்களுக்குத் தெரிந்தவரை என்று கேட்டார்.

டாக்டரக்கா இல்லை என்றார். அவன் பள்ளிக்கூடப் பையன் என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவன் இங்கே இருக்கலாம். வெளியே வந்து லிஃப்டில் அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் பிடிக்கவிட்டார்.

பே பிரிட்ஜ் தாண்டும்போது பின் சீட்டில் அவன் தூங்கிவிட்டான். டாக்டரக்கா தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "என்ர அவர் எந்தப் பிள்ளைகளைக் கொண்டு போகாதேங்கோ எண்டு கேட்டவரோ, அந்தப் பிள்ளைதான் இவன். அதாலதான் சொன்னனான், தம்பி. வேற ஒண்டுமில்லை."

பிளசன்டனில் வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவன் எழுந்து, ஓடிப்போய் முன்கதவைத் திறந்து, அவருக்காகப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். டாக்டரக்கா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நீ இஞ்ச இருக்கலாம். சாப்பிடலாம், படிக்கலாம். இது உன்ர வீடுதான். ஆனா இனி முன்வாசல்ல வந்து நிக்காதே. கராஜால வா."

அவன் தலையசைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. முன்கதவைச் சாத்திவிட்டு வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டில் போனான். கராஜ் கதவு திறந்து மூடிய பிறகுதான் டாக்டரக்கா இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு துப்பாக்கியும் வாங்கவில்லை. இருந்தவற்றைத் துடைப்பதை நிறுத்தவும் இல்லை. அவனைக் காலேஜில் சேர்த்தார். காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தார். புதுக் கார் வாங்கிக் கொடுத்தார். அவன் அந்தக் காரை கராஜுக்குள் விட்டு, அதன் வழியாகவே வீட்டுக்குள் வருவான். அதற்குள் வேறு சாமான் எதுவும் வைக்காமல் அவன் நடக்க வழி விட்டிருந்தார். மழைநாளில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினாலும் நானும் அவரும் முன்வாசல் வழியாக, அவன் சுற்றிக்கொண்டு. ஒருதடவை நான், டாக்டரக்கா, மழையில நனையிறானே என்று சொல்லிப் பார்த்தேன். துவாய் உள்ளே இருக்கிறது என்றார்.

இரண்டாயிரத்து ஒன்றில், வசந்த காலத்தில், அவனுக்குக் கல்யாணம் ஆனது. டொரன்டோவில் இருந்து வந்த பெண், கலகலப்பானவள். சர்ச்சில் தாலி கட்டி, எல்லோரும் ஊர்வலமாகக் கார்களில் பிளசன்டன் வீட்டுக்கு வந்தோம். டாக்டரக்கா முன்னாலேயே வந்து வாசலில் விளக்கோடு நின்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் புல்வெளியில் நின்றோம். என் மனைவியும் வந்திருந்தாள். காரை விட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவன் பாதி தூரம் அவளோடு வந்தான். டாக்டரக்காவைப் பார்த்தான்.

அவர் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இன்றைக்காவது கூப்பிடுவார் என்று. அவர் வாய் லேசாகத் திறந்ததுபோலக்கூட இருந்தது. அவ்வளவுதான். கூப்பிடவில்லை.

அவன் கோட்டு சூட்டோடு, கழுத்தில் மாலையோடு, திரும்பி வீட்டின் பக்கவாட்டில் நடந்தான்.

பெண் படியில் தனியாக நின்று திரும்பிப் பார்த்தாள். "பெரியம்மா, அவர் ஏன் அங்கால போறார்?" என்று கேட்டாள்.

டாக்டரக்கா விளக்கை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு அந்தப் பக்கம்தான், பிள்ளை" என்றார். கராஜ் கதவு மேலேறும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை யாரும் உள்ளே போகவில்லை.